நாணலுக்குள் ஒரு டக்

நாணல் கதிர்க்குருவியில் பெரியது, சின்னது என்று இரண்டு. இரண்டுமே மண் நிறம். நாணலுக்குள் அரை நொடி தெரிந்து மறைகிற பறவையின் அளவை எவனாலும் சொல்ல முடியாது. பெரியது தொண்டை கிழியக் கரகரவென்று கத்தும். சின்னது நாக்கைத் தட்டுவதுபோல 'டக்' என்னும். காதுதான் பிரித்துக் காட்ட வேண்டும்.

பறவை பார்க்கப் போகும் எங்கள் குழுவில் ஒரு பழக்கம். குரலை மட்டும் வைத்துச் சொன்னால், இன்னொருவரும் கேட்டதாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தப் பறவை கணக்கில் சேரும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் நான்தான். என்னைப் பெரிய காது என்பார்கள்.

போன ஞாயிறு பள்ளிக்கரணைச் சதுப்புக்குக் குழுவிலிருந்து என்னோடு வந்தது ஒரே ஒருத்தி. தாம்பரம் மார்க்கெட் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறாள். நாணலில் ஏதோ அசைந்தது. நாணலுக்குள் என்றால் பெரும்பாலும் பெரியதுதானே என்று, "பெருசு" என்றேன்.

"இன்னாண்ணா, டக் டக்குனு அடிச்சிகினு கீது, பெருசுங்கறீங்க?"

"ரோட்டுல லாரி போவுது. அது உனக்கு டக்குனு கேக்குது."

பறவை பக்கத்துப் புதருக்குத் தாவி வெளியே உட்கார்ந்தது. மெல்லிய அலகு. சின்னதேதான். அவள் சிரித்தாள். "லாரி பறந்து வந்து குந்திகிச்சு பாருங்கண்ணா."

எனக்கு மூஞ்சி எரிந்தது. இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தே காதைத் தொலைத்தவன் நான். வீட்டில் குக்கர் விசில்கூடச் சரியாகக் கேட்பதில்லை. அதை வெளியே சொல்லாமல், அடுத்தவர்கள் தலையைத் திருப்புவதைப் பார்த்து "ஆமா" சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் தள்ளிக் கருவேலம் புதர். அவள் நின்றாள். "இன்னொண்ணு. இதுக்காவது ஆமா சொல்லுங்கண்ணா, சேத்துக்கலாம்."

சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய் வரவில்லை.

"எனக்குக் கேக்கல."

"இவ்ளோ கிட்டயா?" புதரைக் காட்டிய கையை இறக்கி என்னைப் பார்த்தாள். "எவ்ளோ நாளாண்ணா?"

"போன சீசன்லேர்ந்து."

"அப்போ போன சீசன் நான் சொன்னதுக்கெல்லாம் நீங்க ஆமான்னது?"

பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டேன். புதரில் ஒன்றுமில்லை. அவள் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது தெரியக் காது வேண்டியதில்லை.