வலிக்கும் முன்னே உட்கார்ந்தவர்

மீன் ஆலைக்காரர் ஹானுஸுக்குப் பல வருட இடுப்பு வலி. வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வார். மறுநாள் எழ முடியாது. மகள் கல்யாணத்தில் வளைய நடனம் ஆட முடியுமா என்பதே அவர் கவலை. எங்கள் ஃபாரோ தீவுகளில் நீண்ட கதைப்பாட்டு முடியும்வரை கைகோத்து ஆடுவார்கள்.

"வலி துரத்துறதுக்கு முன்னாடி நீங்களே வளையத்தை விட்டு வெளிய வந்துருங்க. உட்கார்ந்துட்டு மறுபடி போங்க" என்றாள் பிசியோதெரபிஸ்ட் பிரிதா.

"கிழவன்னு சிரிப்பானுங்க!"

"படுத்துக் கிடந்தா மட்டும் குமரன்னா சொல்லுவாங்க?"

கல்யாணத்தன்று பாதிப் பாட்டில், பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த என் கையை விட்டுவிட்டு வெளியேறினார். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"வலிக்குதா?"

"இன்னும் இல்லப்பா. அதான் உட்காருறேன்."

கேக் சாப்பிட்டார், திரும்ப வந்தார். கடைசி அடி பாடும்போது மகளின் கையைப் பிடித்து, எல்லாரையும்விடச் சத்தமாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.