பயந்ததாகச் சொல்லாத பெண்

சித்தூர் கோர்ட்டில் நான் புது வக்கீலாக இருந்தபோது, ஜில்லாவின் தெற்குக் கோடியிலிருந்து ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் வழக்கு வந்தது. எல்லைக் கிராமங்கள் ஆந்திராவுக்கா மதராசுக்கா என்று சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். அவள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். எதைக் கேட்டாலும் கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்த பிறகுதான் பதில் சொல்வாள்.

கிணற்றுத் தகராறில் பங்காளி ஒருவன் அரிவாளோடு அவள் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறான். தனியாக இருந்தவள் உலக்கையால் அடித்து அவன் கையை முறித்துவிட்டாள்.

"உயிருக்குப் பயந்து அடிச்சேன்னு சொல்லும்மா. தற்காப்புன்னா குத்தமில்ல, கோவத்துல அடிச்சேன்னா ஜெயிலு. உங்க ஊரு எந்தப் பக்கம் போனாலும் சட்டம் இதேதான்" என்றேன்.

"நான் பயப்படலயே சாமி. பயந்தேன்னு சபையில சொன்னா, நாளைக்கே அவன் என் வாசல்ல வந்து குந்திக்கினு இருப்பான்."

பல நாள் மன்றாடினேன். மாஜிஸ்திரேட் தெலுங்கில் கேட்டார். அவளும் தெலுங்கிலேயே, "பயமில்லை, கோபத்தில்தான் அடித்தேன்" என்றாள். அரிவாளைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும் என்று தொண்டை கட்டும்வரை வாதாடினேன். அவள் அதற்கும் தலையை ஆட்டி மறுத்தாள். மூன்று மாதத் தண்டனை.

போலீஸோடு போகும்போது, "உன்மேல தப்பில்ல சாமி" என்று என்னைத் தேற்றினாள்.

அந்தப் பங்காளி பிறகு அவள் தெருப்பக்கமே தலைகாட்டவில்லையாம். ஜெயிக்க வேண்டிய வழக்கைத் தோற்ற எரிச்சல் மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை.