பன்னிரண்டாவது இருக்கை

பதினான்காம் தேதி, செவ்வாய், காலை 8.52. பதிவு செய்தவர்கள் பன்னிரண்டு, வந்தவர்கள் பதினொன்று. வருகையைக் கணினியில் பதியும்போதுதான் நசீமா அக்காவின் மகன் அனுப்பிய செய்தி வந்தது: "உம்மா விடியக்காலை வஃபாத்தாகிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்."

சிராங்கூன் ரோட்டில் உள்ள எங்கள் பயிற்சி நிலையத்தில் படித்த எல்லோருக்கும் அவர் குரல் தெரியும். வகுப்புகளை ஒருங்கிணைத்தவர் அவர்; கிடங்கு ரோபோக்களைப் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுப்பவன் நான். எங்களுக்கு ஒத்துப்போகாது. இறந்துவிட்டார் என்பதற்காக இதை மாற்றி எழுத முடியாது.

இரண்டாவது முறையும் வகுப்புக்கு வராதவரை அன்று மாலை ஆறு மணிக்கே நீக்கிவிட்டு, காத்திருப்பவருக்கு இடம் கொடுக்கும் மென்பொருளை எழுதியது நான்தான். ஒருமுறை அது செல்வம் என்ற மாணவரை நீக்கியது. பூன் லே கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்குபவர். அங்கே ரோபோக்கள் வரவிருந்தன. சான்றிதழ் இருந்தால் பராமரிப்புக் குழு. இல்லாவிட்டால் வேலை இல்லை. அக்கா நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"செல்வத்துக்கு இந்த ரெண்டு வாரமும் நைட் ஷிஃப்ட். உன் சிஸ்டத்துக்குத் தெரியுமா?"

"ரூல்னா ரூல்தான்க்கா. அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப அதுக்கும் சொல்லிக்குடு லா. டீச்சர்தானே நீ?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். அக்கா செல்வத்தைத் தானே சனிக்கிழமை வகுப்பில் சேர்த்துவிட்டார். இன்று செல்வம் பராமரிப்புக் குழுவில் இருக்கிறார். அக்காவின் ஜனாஸா தொழுகைக்கு அந்தச் சீருடையோடே வந்திருந்தார்.

வராதவர்களுக்கு அக்கா போன் செய்வதைத் தினமும் கேட்டிருக்கிறேன். "ஏன் வரலை?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. காரணம் கேட்டேன். "ஏன்னு கேட்டா பொய் சொல்வாங்க தம்பி. எப்ப வர முடியும்னு கேளு, நாள் சொல்வாங்க." நேரத்தை வீணாக்குகிறார் என்று நினைத்தேன். மென்பொருளில் ஷிஃப்ட் விவரத்தைச் சேர்க்கச் சொன்னார். "அடுத்த மாசம்க்கா" என்றேன். நான்கு மாதம் ஆகிவிட்டது.

அடக்கம் முடிந்து அலுவலகத்துக்கே திரும்பிவிட்டேன். மணி 5.20. காலையில் வராத பன்னிரண்டாவது ஆள் பொங்கோலிலிருந்து வரும் மாலதி. இது இரண்டாவது முறை. அக்கா இருந்திருந்தால் இந்நேரம் மாலதியிடம் பேசி முடித்திருப்பார். அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான்.

1. ஆறு மணி நீக்கத்தை இப்போதே நிறுத்துவது.
2. ஷிஃப்ட் விவரத்தை இந்த வாரமே சேர்ப்பது.
3. மாலதிக்குப் போன் செய்வது. எப்போது வர முடியும் என்று மட்டும் கேட்பது.