கொள்ளாம்

தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மதுரை பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நின்று நின்று கால் வீங்கிவிட்டது. காலையில் சாலை பஜாரில் ஒரு துணிக்கடைக்காரர் நான் குரோஷாவில் பின்னிய மேசை விரிப்பைப் பார்த்து, "கொள்ளாம், கொள்ளாம்" என்று தலையாட்டினார். வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் என்று நினைத்து, மத்தியானம் வரை கடை வாசலிலேயே நின்றேன். சாப்பிடக் கிளம்பியவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். "இதுவரெ போயில்லே?"

பக்கத்தில் கரமனை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாமியிடம் இதைச் சொல்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"மலையாளத்துல கொள்ளாம்னா நன்னாருக்குன்னு அர்த்தம். வாங்கிக்கறேன்னு இல்லை, கேட்டேளா."

என் மடியிலிருக்கும் விரிப்பின் ஓரத்து முருங்கைப்பூக்களை விரலால் தடவுகிறார்.

"எந்தப் புஸ்தகத்தைப் பார்த்துப் போட்டேள்?"

"புஸ்தகம் இல்ல மாமி. நானா யோசிச்சுப் போட்ட டிசைன். இதான் முதல்."

கரமனை பஸ் வந்து நிற்கிறது. மாமி எழுந்தவர், மறுபடி குனிந்து பூக்களைப் பார்க்கிறார்.

"கொள்ளாம்" என்கிறார்.

பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுக்கிறேன். என் வீட்டில் யாரும் எந்த மொழியிலும் இதைச் சொன்னதில்லை.