வாத்துக் கூட்டின் இடம்

ஏரியில் களை வாரும் அவரை எல்லோரும் பாசிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் படகு முன்னால் போகும், பாசி பின்னால் வளரும். தோற்றுக்கொண்டே சம்பளம் வாங்கும் வேலை என்று அவரே சொல்வார்.

அந்தத் தண்ணீரில் அவர் மனம் ஒட்டியது ஒரு முங்கு வாத்திடம். மற்ற வாத்துகள் வாலைத் தூக்கிக்கொண்டு மேலோடு மேயும். இது முழுசாக மூழ்கி, அடியிலிருக்கும் கிழங்கைக் கொத்திக்கொண்டு வேறெங்கோ எழும். கால்கள் உடம்பின் பின்கோடியில் இருப்பதால் தரையில் தள்ளாட்டம்தான். அதனால் கரையை நம்பாமல், கோரைப்புல்லுக்குள் தண்ணீருக்கு மேலேயே அதன் தாள்களை மடித்துக் கூடு கட்டும். தன் மார்புத் தூவியைப் பிடுங்கி மெத்தை போடும். இரைக்குப் போகும்போது அந்தத் தூவியாலேயே முட்டைகளை மூடிவிட்டுப் போகும். மூட அவகாசமில்லாமல் பதறி எழுந்தால் காக்கைக்கு விருந்து.

அடைகாக்கத் தொடங்கியதும் ஆண் வாத்து போய்விட்டது.

“பாத்தீங்களா, எல்லா ஆம்பளையும் ஒண்ணுதான்,” என்றாள் மனைவி.

“அது யாருக்கும் சத்தியம் பண்ணிக் குடுக்கலையே,” என்றார்.

மனைவியின் தம்பி அதே ஏரியில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். அவனை அழைத்துப்போய்க் கூட்டைக் காட்டினார். போகாதே என்று சொல்ல, எங்கே என்று சொல்ல வேண்டியிருந்தது.

“மாப்ள, இந்தப் பக்கம் படகு வரக்கூடாது.”

“நான் என்ன அன்னியனா மாமா? அக்கா மேல சத்தியம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோரை பிளந்து கிடந்தது. படகில் வந்த கேமராக்காரர்களுக்குக் கூட்டை மறைக்காமலிருக்க மைத்துனனே வெட்டியிருந்தான். கூட்டில் காக்கை கொத்திப்போட்ட முட்டை ஓட்டுத்துண்டுகள் மட்டும்.

“முட்டைதானே மாமா! போச்சுன்னா திரும்பக் கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?”

கூட்டைக் காட்டிய அன்று பேச்சுவாக்கில் அப்படிச் சொன்னவர் அவர்தான். காக்கையின் மேல் அவருக்குக் கோபமில்லை. அதற்கு அவர் கூடு இருக்கும் இடத்தைச் சொல்லவில்லை.

வாத்து திரும்பக் கட்டத்தான் செய்தது. ஆனால் படகுகள் வளைந்து திரும்பும் மூலையில். ஓட்டுகிறவர்களிடம் சொல்லாவிட்டால் துடுப்பு பட்டே கூடு கலையலாம். சொன்னால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று.

“வாத்து மறுபடி கட்டிருச்சா?” தட்டை வைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்.

கல்யாணமானதிலிருந்து அவளிடம் அவர் எதையும் மறைத்ததில்லை. இன்றைக்கு அவள் முகத்தில் தம்பியின் ஜாடை தெரிந்தது.

“தெரியல. அந்தப் பக்கம் போகல,” என்றார்.

“ஐயோ பாவம், அது எங்க போச்சோ,” என்றாள் அவள். நம்பிவிட்டாள்.