மறுகரையாரின் குரல்

2019 மார்ச் 9. வரவு: அணையாத விளக்கு ஒன்று. செலவு: பொற்காசு ஏழு.
2019 ஜூன் 22. வரவு: நீருக்கடியில் ஏழு மூச்சு. செலவு: இடது காலணி.
2021 பிப்ரவரி 6. வரவு: பூட்டைத் திறக்கும் சொல் ஒன்று. செலவு: பொற்காசு பதினான்கு, சுட்ட ரொட்டியின் மணம், நினைவிலிருந்து.
2022 ஆகஸ்ட் 13. வரவு: புயல் ஏழு நாள் தள்ளிப்போனது. செலவு: பொற்காசு இருபத்தொன்று, ஒரு சிரிப்பு.
2023 மே 20. வரவு: செத்த குதிரை எழுந்து நடந்தது. செலவு: பொற்காசு இருபத்தெட்டு, தன் பெயரின் கடைசி எழுத்து.

தீப்பெட்டியை ஒரே ஒரு முறை குலுக்குவான் ராட்னி. உள்ளே குச்சி கிடையாது. ஆற்றங்கரையில் பொறுக்கிய கறுப்புக் கூழாங்கல் ஒன்று. ‘கடக்’ என்று அது புரண்டதும் மேசையைச் சுற்றி யாரும் எதையும் மெல்லமாட்டோம். மறுகரையார் வந்துவிட்டார் என்று பொருள்.

எங்கள் சுரங்க ஊரான குவீன்ஸ்டவுனின் நூலகப் பின்னறையில் சனிக்கிழமைதோறும் பகல் ஒன்று முதல் ஐந்து வரை நாங்கள் நாலு பேர் கூடுவோம். காகிதமும் பகடையும் வைத்து ஆடும் கதை விளையாட்டு. மூன்று பேர் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்போம். மீதி உலகம் முழுவதும் ராட்னி. மழை, காவலன், நரி, கதவு எல்லாம் அவன்தான். ரொட்டிக்கடை பிரான் ஒரு திருடி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் டோங்கா தீவுக்காரி மெலே, வேனா என்கிற மந்திரக்காரி. நான் ஒரு சாமியார். நடப்பதையெல்லாம் நோட்டில் எழுதுவதும் நானே. சுரங்கத்தின் வருகைப்பதிவு அறையில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவனுக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

ராட்னிக்கு ஐம்பத்து மூன்று வயது. தபால் வேன் ஓட்டுகிறான். வாரத்தில் ஐந்து நாள் இங்கிருந்து ஸ்ட்ரானுக்கும் சீஹனுக்கும் போய்வருவான். மழைக்கோட்டைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. பையை உள்ளே வைத்துவிட்டு வெள்ளரிக்காய் ஊறுகாயை எடுத்துக் கடித்துக்கொண்டே கையெழுத்து வாங்குவான். வாய் நிறைய இருந்தால் பேசவேண்டியதில்லை. ராட்னி திக்குவாய். அவன் பெயரே அவனுக்கு எதிரி. போனில் யாராவது “யாரு பேசறது?” என்று கேட்டால், “த... தபால்” என்று சொல்லி வைத்துவிடுவான்.

வேனாவுக்கு மந்திரம் சும்மா வராது. வேறு உலகத்திலிருந்து ஒரு புரவலர் அதைக் கடனாகத் தரவேண்டும். அது இந்த விளையாட்டின் வழக்கம். அந்தப் புரவலரை உண்டாக்க ராட்னி எட்டு மாதம் எடுத்துக்கொண்டான். வேனின் முன்பெட்டியில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. சிக்னலே இல்லாத ஊரில் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி அதில் எழுதுவான். வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் யோசனை கேட்பான்.

“பிரான், பே... பேங்க் மேனேஜர்கிட்ட எது பயம்?”

“ஏன், லோன் வேணுமா?”

“சொ... சொல்லேன்.”

“கோபமே வராது பாரு, அதுதான். நம்மள முழுங்கினாலும் நாப்கின்ல வாய தொடச்சுக்குவான்.”

அது அப்படியே நோட்டுக்குள் போயிற்று. மறுகரையாருக்குக் கோபம் வராது. கேள்வி கேட்கமாட்டார். ஏழின் மடங்கில்தான் எண்ணுவார். பெரிய விலை கேட்கமாட்டார். உயிரோ ஆன்மாவோ அவருக்கு வேண்டாம். காலணி வேண்டும், ரொட்டி மணம் வேண்டும். முக்கியமாக, ‘நான்’ என்று ஒருநாளும் சொல்லமாட்டார். “ஏழு மூச்சு தரப்படும். இடது காலணி கரையில் விடப்படும்.” முதல் தடவை அதைக் கேட்டதும் பிரான், “என்ன ராட்டோ, முனிசிபாலிட்டி நோட்டீஸ் மாதிரி பேசறாரு! குப்பைத்தொட்டி வெளிய வைக்கலன்னு ஃபைன் போடுவாரா?” என்று சிரித்தாள். இரண்டாம் தடவை அவள் சிரிக்கவில்லை.

அவர் யார், என்ன பிறவி, அந்தக் கரை எங்கே என்று ராட்னியிடம் ஒருமுறை கேட்டேன், பதிவுக்காக.

“தெ... தெரியாது.”

“நீதானே உண்டாக்கினே?”

“எனக்கும் தெ... தெரியக்கூடாது கிளாரி. தெரிஞ்சா வெறும் பே... பேயாயிடும்.”

ஒப்பந்தம் எதுவானாலும் மறுகரையார் தன் வாயால் சொன்னால்தான் செல்லும் என்பது ராட்னி முதல் நாளே வைத்த விதி. எழுத்து செல்லாது. அதைப் போட்டவன் அவனே என்பதைப் பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்லவேண்டும். உரத்த குரல் இல்லை. குளிர்ந்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் ஊற்றுவதுபோல இருக்கும். ராட்னி முதுகை நிமிர்த்தி உட்காருவான். ஊறுகாய் ஜாடியைத் தள்ளிவைப்பான். ‘ப’வும் ‘த’வும் ‘க’வும், தெருவில் அவனை மறித்து நிற்கிற அத்தனை எழுத்தும், வழிவிட்டு ஒதுங்கும். பேசி முடித்துப் பெட்டியைச் சாய்க்க, கல் திரும்பப் புரண்டதும் மழைக்கோட்டுக்குள் சுருங்கி, “டீ இ... இருக்கா?” என்பான். நாங்கள் மூவரும் இதைக் கவனித்திருந்தோம். நாலே முக்கால் வருடமாக ஒருவரும் இதைப்பற்றி மற்றவரிடம்கூடப் பேசியதில்லை.

வருடக் கடைசியில் கணக்கு வாசிப்பது எங்கள் மேசையின் சடங்கு. நான் நோட்டைப் பார்த்துப் படிப்பேன். மற்றவர்கள் கூச்சல் போடுவார்கள். 2023 டிசம்பர் 16 அன்றும் அப்படித்தான். பிரான் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட அப்பம் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்திருந்தாள்.

“உடைத்த கதவு, முப்பத்தொன்று.”

“அதுல பாதி பூட்டவே இல்ல!” என்றாள் மெலே.

“பிரான் திருடப் போனது இருபத்தாறு தடவை. அகப்பட்டது இருபத்து மூன்று.”

“யோவ் பெரிசு, அதெல்லாமா எழுதுவே? என் பொழப்புல மண்ணைப் போடாதே.”

“பெயரில் எழுத்து இழந்தவர், ஒருவர்.”

“வே!” என்று கத்தினார்கள். வேனாவின் கடைசி எழுத்தை மறுகரையார் எடுத்துக்கொண்ட நாள் முதல் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம்.

அடுத்த வரிக்கு முன் ஒன்று சொல்லவேண்டும். ராட்னி பேசுவதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுவேன். அவன் பேச்சு நின்றால் என் பேனாவும் நிற்கும். நின்ற இடத்தில் ஒரு புள்ளி விழும். நோட்டு முழுக்கப் புள்ளிகள். மறுகரையார் பேசுகிற பக்கங்களில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை. முந்தின நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. பாராட்டாகத்தான் எழுதினேன்.

“தொடக்கத்திலிருந்து மறுகரையார் பேசியது நாற்பத்தொரு தடவை. ராட்னி திக்கியது, ஒரு தடவைகூட இல்லை.”

தகரக் கூரையில் மழை பெய்தது கேட்டது. பிரான் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். மெலே பகடைகளைப் பொறுக்கத் தொடங்கினாள், ஆட்டம் முடியவில்லை என்றாலும்.

ராட்னி சிரித்தான். மரியாதைக்கு.

“எ... எண்ணினியா?” என்றான்.

2024 பிப்ரவரி 10 அன்று மறுபடி கூடினோம். கதை உச்சத்துக்கு வந்திருந்தது. வேனா தன் பெயரின் எழுத்தைத் திருப்பிக் கேட்க மறுகரைக்குப் போகவேண்டும். மறுகரையார் கடைசி நிபந்தனையைச் சொல்லவேண்டும். ராட்னி தீப்பெட்டியைக் குலுக்கினான். முதுகை நிமிர்த்தினான். “வே...” என்றான். “வே... வே...”

அது அவள் பெயராகவும் இருந்தது என்பதால் ஒரு கணம் எங்களுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் கண்களை மூடி இன்னொரு முறை முயன்றான். கழுத்து நரம்பு புடைத்தது. தீப்பெட்டியை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, “இன்னிக்கு அவர் வ... வரல” என்றான். நான் பேனாவை மூடிவைத்தேன். அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரம் தீப்பெட்டியே வெளியே வரவில்லை.

மார்ச்சில் ஒருநாள் காலை, தபால் கொட்டகையில் அவன் பைகளை ஏற்றிக்கொண்டிருக்கும்போது போனேன். டிசம்பர் பக்கத்தை நோட்டிலிருந்து கிழித்து எடுத்துப் போயிருந்தேன். என் வாழ்நாளில் எந்தப் பதிவேட்டிலிருந்தும் ஒரு தாள் கிழித்ததில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை.

“இந்தா. இது இனிமே கணக்குல இல்ல.”

வாங்கிப் பார்த்தான். மடித்து என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தான்.

“கி... கிழிச்சா? நான் கே... கேட்டுட்டேனே கிளாரி.”

கோபமில்லாமல்தான் சொன்னான். அடுத்த பையைத் தூக்கினான்.

அதன்பிறகு கடிதங்கள் வர ஆரம்பித்தன. சாம்பல் நிற உறை, நீல மசி. பெறுநர்: வே, மந்திரக்காரி, மேற்பார்வை மெலே, மகப்பேறு பிரிவு. ராட்னி மறுகரையாராக எழுதி, முறையாகத் தபால்தலை ஒட்டித் தெருப்பெட்டியில் போடுவான். அது ஊர்வாரியாகப் பிரிப்பதற்காக வெளியூர் போய், மூன்றாம் நாள் அவன் வேனிலேயே திரும்பி வரும். அவனே ஆஸ்பத்திரி மேசையில் கொண்டுபோய் வைப்பான். யார் எழுதியது என்று தனக்குத் தெரியாத முகத்துடன், “உ... உனக்கு ஒண்ணு” என்பான். மெலேயும் முகம் மாறாமல், “யார்கிட்டேர்ந்து?” என்பாள். “அ... அனுப்பினவர் பேர் இல்ல.” ஆறு கடிதங்கள் இப்படி வந்தன. ஒவ்வொன்றும் அழகு. படகு எங்கே நிற்கும், எந்தக் கல்லில் காத்திருக்கப்படும் என்றெல்லாம் இருக்கும். நிபந்தனை மட்டும் இருக்காது. எழுத்து செல்லாது அல்லவா?

“விதிய மாத்தித் தொலையேன்” என்றாள் பிரான். “நீ போட்டதுதானே?”

“நா... நாலு வருஷம் வே அதுக்கு வி... விலை கொடுத்திருக்கா.”

“அப்ப மெலேயே உரக்கப் படிக்கட்டும்.”

“அவகிட்டயே அவ பே... பேசுவாளா?”

“அப்ப கிழவர்?”

ராட்னி என்னைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். ஆறு வருடத்தில் என் சாமியார் பேசியது மொத்தம் அரைப்பக்கம் தேறாது. “அது அ... அவர் குரல் இல்ல” என்றான். அன்று மூன்றரைக்கே கலைந்தோம். ஜூலையில் ஒரு சனிக்கிழமைகூட அவன் வரவில்லை. வேனில் எதிரே வந்தால் கையைத் தூக்குவான். முன்பெல்லாம் வளைவுகளில் உதடு அசைந்துகொண்டே போவான், ஒத்திகை; இப்போது வாய் மூடியிருந்தது. மெலே தன் பாத்திரத்தின் தாளை நாலாக மடித்துப் பர்சில் வைத்திருந்தாள். “தாத்தா, நான் பேரில்லாமலே இருந்துடறேன்னு அவன்கிட்ட சொல்லட்டுமா?” என்று என்னிடம் கேட்டாள். வேண்டாம் என்றேன். அது சரியா என்று தெரியவில்லை.

ஏழாவது கடிதம் எனக்கு வந்தது. உறைக்குள் ஏதோ தடிப்பாக இருந்தது. என் வீட்டுப் பெட்டியில் தபால் போட அவன் எஞ்சினை நிறுத்துவதில்லை. எட்டிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். அன்று நான் வாசலில் மழைமானியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இறங்கி வந்து உறையைக் கையிலேயே கொடுத்தான். பிரித்தேன். தீப்பெட்டி இருந்தது. தாளில் இப்படி இருந்தது:

“கணக்கு எழுதுகிறவருக்கு. வரவு: ஒரு குரல். செலவு: டிசம்பர் பதினாறின் ஒரு வரி. கீழே உள்ள ஏழு வாக்கியங்களும் வரும் சனிக்கிழமை உரக்கப் படிக்கப்படும்.”

ஏழு வாக்கியங்களும் இருந்தன. நான்காவதன் தொடக்கத்தில் ‘நான்’ என்று எழுதி அடிக்கப்பட்டிருந்தது. ஓர் எழுத்து பிசகினாலும் முழுத் தாளையும் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதுகிறவன் ராட்னி. இதை அப்படியே அனுப்பியிருந்தான்.

மடித்த பக்கம் மார்ச்சிலிருந்து என் பர்சில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வேனில் ஏறினான். கிளம்பப் போகிறான் என்று நினைத்தேன். எஞ்சினை அணைத்தான். கண்ணாடியைக் கடைசிவரை இறக்கினான். சாரல் அவன் மடியில் கிடந்த தபால் கட்டின்மேல் விழ, அதைத் துடைக்காமல், முதல் வாக்கியத்துக்காகக் காதை என் பக்கம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

2024 செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை.