அவசரப்பட்டுச் சொன்ன சாட்சி

அன்பானவர்களே, போன புத்தாண்டு ஆராதனையில் நான் ஒரு சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். அந்தச் சாட்சியில் ஒரு பொய் இருந்தது. அந்தப் பொய்யால் போகியன்று காலையில் என் உயிர் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை என்று சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

என் பெயர் எஸ்தர். வீடு மண்ணூரில். ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஜூலை மாதம் இருமல் பிடித்தது. மெடிக்கல் ஷாப்பில் சிரப் வாங்கிக் குடித்தேன். நிற்கவில்லை. கிளினிக்கில் மூன்று தடவை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடைத்தது. மாமியார் எனக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான். டிபி. ஆறு வயது மகள் நிஷாவைப் பக்கத்தில் படுக்க விடாமல் தள்ளிவிட்டேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

கடைசியில் என் வீட்டுக்காரர்தான் பிடிவாதம் பிடித்தார்.

"இன்னா உன் நெஞ்சுல பூனைக்குட்டி கத்துது? லீவ் போடு. கெவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. டிபி இல்லை என்று வந்தது. பிறகு மூச்சின் வேகத்தை முள் காட்டும் ஒரு குழாயைக் கொடுத்து பலமாக ஊதச் சொன்னார். முள் பாதிகூடப் போகவில்லை. நீல நிற பம்ப்பில், அதாவது இன்ஹேலரில், மருந்து இழுக்க வைத்து, கொஞ்ச நேரம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொன்னார். முள் நன்றாக மேலே போனது. ஆஸ்துமா என்றார். ஒட்டாது, பயப்படாதே, மகளைப் பக்கத்திலேயே படுக்கவை என்றார்.

இரண்டு பம்ப் கொடுத்தார்: பிரவுன் பம்ப் தினமும் இரண்டு வேளை, நன்றாக இருந்தாலும் விடக்கூடாது. நீலம் மூச்சு வாங்கும்போது மட்டும். அங்கிருந்த சிஸ்டர் ஒரு காலி வாட்டர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டு, அதில் பம்ப்பைச் செருகி, பாட்டில் வாய் வழியாக இழுக்கச் சொல்லிக் கொடுத்தார். மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கி, பிறகு விட வேண்டும்.

இரண்டு மாதத்தில் இருமல் போயே போய்விட்டது. இங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. சுகமான பிறகும் மருந்து எடுத்தால் அது அவிசுவாசம் இல்லையா என்று தோன்றியது. இன்னொரு பயமும் இருந்தது. வீசிங் இருக்கிறது என்று தெரிந்தால் கம்பெனியில் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று லைனில் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். புத்தாண்டு ஆராதனையில் எழுந்து நின்றேன். இரண்டு பம்ப்பையும் பாஸ்டர் கையில் கொடுத்து, இனி எனக்கு இது வேண்டாம் என்றேன். டாக்டர் நிறுத்தச் சொன்னாரா என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மைக் பிடித்துக் கெட்டேன்.

போகியன்று முதல் ஷிஃப்ட். ஊர் முழுக்க பாயும் டயரும் எரிகிற புகை. கம்பெனி பஸ்ஸில் ஒரு ஜன்னல் மூடாது, அதன் பக்கத்தில் என் சீட். ஒரகடம் போவதற்குள் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல ஆனது. இருமினேன். அப்புறம் இருமக்கூட முடியவில்லை. மூச்சு உள்ளே போகவில்லை, போனது வெளியே வரவில்லை. முன்னால் லாரிகள் நின்றிருந்தன, பஸ் நகரவில்லை. யாரோ முதுகைத் தட்டினார்கள், யாரோ தண்ணீரை வாயில் வைத்தார்கள். ஜெபம் பண்ண வார்த்தை வரவில்லை. நிஷா முகம் மட்டும் வந்தது. 'இயேசப்பா, யாரையாவது அனுப்பு' என்று மனதுக்குள் ஒரே ஒரு தடவை கேட்டேன்.

பக்கத்து சீட்டில் இசக்கி. திருநெல்வேலிப் பெண், ஹாஸ்டலில் தங்கி என் லைனிலேயே வேலை செய்கிறாள். ஒரு வருடமாகத் தினமும் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் என்னைப் பார்த்தாள், பஸ்ஸில் இருந்த எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, சுடிதார் துணிக்குள் சுருட்டி வைத்திருந்த ஒன்றை எடுத்தாள். நீல பம்ப். கூடவே அடியில் ஓட்டை போட்ட வாட்டர் பாட்டில்.

"எக்கா, பயப்படாதிய. வாயத் தொறங்க. மெதுவா இழுங்க. நான் எண்ணுதேன்."

எண்ணினாள். ஆறு தடவை அழுத்தினாளோ, எட்டுத் தடவையோ தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வெளியே வந்தது. டிரைவர் அண்ணன் எதிர்ப்பக்கமாக வண்டியைத் திருப்பி நேராக நான் மருந்து வாங்கிய அதே ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். ஆக்சிஜன் வைத்தார்கள், மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். இசக்கி கையில் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவளும் அதே சிஸ்டரிடம்தான் கற்றிருக்கிறாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தியிடமிருந்து ஒருத்தி ஒளித்திருக்கிறோம்.

எப்போது மருந்தை விட்டாய் என்று அந்தச் சிஸ்டர் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"நல்லா இருந்ததே அந்த மருந்தாலதாம்மா. அதைக் கொடுத்தது யாருன்னு நெனைச்ச?"

நான் கடவுளிடம் சுகம் கேட்டேன். அவர் சுகத்தை ஒரு பம்ப்புக்குள் வைத்து, அதன்மேல் ஒரு பிரவுன் மூடியும் போட்டுக் கொடுத்தார். நான்தான் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பாஸ்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் மேசை டிராயரைத் திறந்தார். இரண்டு பம்ப்பும் பத்திரமாக இருந்தன. அவற்றை என் கையில் வைத்து, அங்கேயே முழங்கால் போட்டு ஜெபித்தார்.

இப்போது தினமும் இரண்டு வேளை மருந்து எடுக்கிறேன். மருந்து வாயில் தங்காமல் வாய் கொப்பளிக்கிறேன். மூச்சை அடக்கிப் பத்து எண்ணுகிற நேரத்தில் நன்றி சொல்கிறேன், இசக்கிக்காக ஜெபிக்கிறேன். அவளுடைய ரகசியம் என்னால் பஸ்ஸில் இருந்த நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் காண்ட்ராக்ட் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பயம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நீங்களும் எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

ஜெபியுங்கள், நம்புங்கள். மருந்தை நீங்களாக விடாதீர்கள். யாருக்காவது மூச்சு வாங்கினால், வெட்கப்படாமல் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். இடது பக்கம் மூன்றாவது வரிசையில்தான் இருப்பேன். பாட்டிலும் நீல பம்ப்பும் என் பையின் மேலேயே இருக்கும், எல்லோர் கண்ணிலும் படும்படி.